மேட்டுச்சக்கரக்குப்பத்துக்குக் காவிரி எப்படி வந்தது?

கடலோரத்தில் குப்பம் என்றால் மீனவர் ஊர். நம்ம பக்கம் அப்படி இல்லை. ஆம்பூர் பக்கத்துப் பெரியாங்குப்பம், ரயில் பாதையில் ஆந்திராவுக்குள் இருக்கும் குப்பம் என்று கடலே பார்க்காத குப்பங்கள் நிறைய. ஜோலார்பேட்டையை ஒட்டிய மேட்டுச்சக்கரக்குப்பமும் அந்த வகைதான். கிணற்றையும் போரையும் நம்பி விவசாயம் செய்கிற பகுதி.

இந்த ஊர் பெயர் செய்தியில் அடிபட்டது 2019இல். சென்னை ஏரிகள் வறண்டதும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்ப அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜூலை 12 அன்று முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் மேட்டுச்சக்கரக்குப்பம் தொட்டியிலிருந்து, சுமார் மூன்றரை கிலோமீட்டர் குழாய் வழியாக, பார்சம்பேட்டை ரயில்வே கேட் பக்கம் போனது.

சரி, வறண்ட ஊரில் அவ்வளவு தண்ணீர் ஏது? அது காவிரி. வேலூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர் பக்கமிருந்து வருவது. மேட்டூர் அணை நிரம்பினாலே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 240 மீட்டர்தான். ஜோலார்பேட்டையோ 400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதாவது ஒவ்வொரு சொட்டையும் மோட்டார் வைத்து மேலே ஏற்றணும். பக்கத்திலேயே பாலாறு இருக்க, இவ்வளவு செலவு ஏன்? பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். போதாததற்குத் தோல் ஷாப் கழிவு வேறு. அந்தக் கழிவு பற்றித்தான் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் சட்டப் புத்தகங்களிலும் இடம் பிடித்த வழக்கு அது.

ரயில் ஓடியபோது உள்ளூரில் முணுமுணுப்பு இருந்தது. வேலூர் மாவட்டத்துப் பங்கில் கை வைத்தால் போராட்டம் என்று துரைமுருகன் எச்சரித்தார். (திருப்பத்தூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை.) இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பது என் கருத்து. ஒரு சின்னக் கணக்கு போட்டேன். ஒரு ரயில் தண்ணீரைச் சென்னையில் 67 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை லிட்டர்கூட வராது. அதே தண்ணீரை நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் சுமார் 12 ஏக்கர் நனையும், ஒரே ஒரு தடவை. ஆனால் குடிநீர்த் திட்டத் தண்ணீரை வயலுக்கு விட முடியாது. குழாய் எந்த நிலத்துக்குக் கீழே போனாலும், அந்த நிலத்துக்காரருக்குப் பழைய போர்தான்.