இரண்டு கோர், ஒரு வேலை

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, இரண்டு கோர் கொண்ட கணிப்பொறி ஒன்றை வாங்கினேன். கடிகார வேகம் பழைய பொறியினுடையதே. பத்து மணி நேரம் ஓடும் என் ஆய்வுக் கணக்கு இனி ஐந்தில் முடியும் என்று விடுதியில் பெருமை பேசினேன். அதுவோ ஏறத்தாழப் பத்து மணி நேரமே ஓடிற்று! ஒரு கோர் உழைக்க, மற்றது சும்மா இருந்தது.

என் கணக்கு இரட்டை ஊசலைப் பற்றியது. இக்கணத்தில் ஊசல் எங்கே என்று தெரிந்தால்தான் அடுத்த கணத்து நிலையைக் கணிக்கலாம். தோசையின் ஒரு புறம் வேகுமுன் மறுபுறத்தை வேறொருவர் சுட முடியுமா? மேலும், ஒரே இழையாக எழுதிய நிரலைக் கோர்கள் தாமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. பிரித்துத் தருவது எழுதுபவர் பொறுப்பு. வைரஸ் தேடுதல் போன்ற பக்க வேலைகள் மற்ற கோருக்குப் போகும். எனக்குக் கிடைத்த ஆதாயம் அவ்வளவே.

இதன் அடிப்படையை 1967இல் ஜீன் ஆம்டால் எடுத்துரைத்தார். ஒரு மணி நேர வேலையில் பாதி பகுக்க முடியாததாயின், இரண்டு கோரில் அது 45 நிமிடமாகும். கோர்களை எத்தனை கூட்டினாலும் 30 நிமிடத்திற்குக் கீழே இறங்காது.

மூத்த மாணவர் ஒருவர் என் நிரலைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் தம்பி, 40 தொடக்க நிலைகளையும் வரிசையில் நிற்க வைத்திருக்கிறாய்?" என்றார். அவை ஒன்றையொன்று சாராதவை அல்லவா! இருபது இருபதாகப் பிரித்து, நிரலை ஒரே நேரத்தில் இரண்டாக ஓட்டினேன். ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. தனியொரு நிலைக்கு மட்டும் இன்றும் அதே 15 நிமிடந்தான்.