வாக்கர் வேண்டாம்... பாய் போதும்!

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? அதன் உள்ளங்கையில் உங்கள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். ‘கப்’பென்று பிடித்துக்கொள்ளும். “என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கு பாரு!” என்று பாட்டி பூரித்துப்போவார். பூரிக்கட்டும். ஆனால், சங்கதி வேறு.

விராலிமலையில் படியேறும்போது கவனித்திருப்பீர்கள். தாய்க்குரங்கின் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடியே குட்டி சவாரி போகும். பிடி விட்டால் ஆபத்து! நம் முன்னோருக்கும் இருந்த அந்தப் பிடியின் மிச்சம்தான் இது என்கிறார்கள். தட்டு விழுந்தால் பாப்பா ‘திடுக்’கென்று இரு கையையும் விரித்து, கட்டிப்பிடிப்பது போல மடக்குகிறதே, அதுவும் அதே வகைதான். லூயி ராபின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர், சுமார் 60 பச்சைக் குழந்தைகளைக் குச்சியைப் பிடித்துத் தொங்க விட்டுப் பார்த்து, 1891-ல் எழுதினார். இரண்டைத் தவிர மற்றவை குறைந்தது 10 விநாடி தொங்கினவாம். (தயவுசெய்து நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்!)

பிறந்த சிம்பன்சிக் குட்டியின் மூளை, வளர்ந்த சிம்பன்சியின் மூளையில் சுமார் 40 சதவீதம் இருக்கும். நம் குழந்தைக்கோ 30 சதவீதம்கூட இல்லை. பாக்கி வளர்ச்சி எல்லாம் வெளியே வந்த பிறகுதான். அதனால்தான் முதலில் கழுத்து, பிறகு குப்புற விழுதல், உட்காருதல் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வசப்படுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள். கையை ஊன்றித் தலை தூக்கி ஆடுகிற செங்கீரை 5-ம் மாதம், கை கொட்டும் சப்பாணி 9-ம் மாதம், தளிர்நடையான வருகை ஒரு வருஷத்தை ஒட்டி!

“பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாசத்துல நடக்குதே” என்று வாக்கர் வாங்க ஓடாதீர்கள். இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் சொன்ன கணக்குப்படி, 8 மாதத்தில் நடந்தாலும் சரி, பதினேழரை மாதத்தில் நடந்தாலும் சரி, இயல்புதான். வாக்கரில் குழந்தை நடப்பதில்லை. தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். கண்மூடித் திறப்பதற்குள் வாசற்படிக்கோ, கொதிக்கிற குழம்புப் பக்கமோ போய்விடும். கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நம்ம ஊர் மர நடைவண்டி வேறு ரகம். அதில் குழந்தை தன் காலிலேயே நிற்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியபின், நீங்கள் கூடவே இருந்து தள்ளவிடலாம்.

அதுவரை தரையில் ஒரு பாய் விரித்தால் போதும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான்.

அந்தக் குரங்குப்பிடி ஆறு மாதத்துக்குள் மறைந்தால்தான் குழந்தை தானாகக் கை நீட்டிப் பொருளை எடுக்கும். அதற்குப் பிறகும் விரல்கள் மூடியே இருந்தாலோ, ‘திடுக்’ நிற்காவிட்டாலோ, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் உபயோகித்தாலோ, 5 மாதமாகியும் தலை நிற்காவிட்டாலோ, ஒன்றரை வயதிலும் நடக்காவிட்டாலோ “அவங்கப்பாவும் லேட்தான்” என்று சும்மா இருக்காதீர்கள். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடமும் சொல்லலாம். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பரிசோதனைக்குக் காசு கிடையாது.