கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. கண்ணமங்கலத்தில் ஒரு நெசவாளர் வீடு. தறிச் சத்தம் ஓய்ந்திருக்கிறது.

ஆரணிக்குப் போயிருந்த அப்பா பஸ்சை விட்டு இறங்கி வருகிறார். ஒரு கையில் கண்ணாடி ஜாடி. மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பத்து வண்ண மீன்கள்!

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடியில் தண்ணீர் ஊற்றினார்கள். மீனை விட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி தீனி போட்டார்கள்.

திங்கட்கிழமை மீன்கள் துள்ளி விளையாடின. புதன்கிழமை தண்ணீர் பால்போல் கலங்கியது. வியாழக்கிழமை இரண்டு மீன் மல்லாந்து மிதந்தன. அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஜாடி காலி!

"கண் பட்டுவிட்டது" என்றாள் பாட்டி. "கடைக்காரன் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்றார் அப்பா. சின்னப் பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் அழுதுகொண்டிருந்தான்.

இப்படி நடக்காத ஊர் இல்லை. முதன்முதலாக மீன் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். பாட்டி சொன்னதும் காரணம் அல்ல. பெரும்பாலும் அப்பா சொன்னதும் காரணம் அல்ல.

மீனைக் கொன்றது தண்ணீர்!

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தண்ணீர்தானே மீனுக்கு உயிர்? அது எப்படிக் கொல்லும் என்று கேட்கலாம்.

மீன் தின்கிறது. மூச்சு விடுகிறது. அதன் கழிவு முழுவதும், அது வாழும் தண்ணீரிலேயே சேருகிறது. அந்தக் கழிவில் இருந்தும், மிஞ்சி அழுகும் தீனியில் இருந்தும் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அது நிறம் இல்லாதது. தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே மீனின் செவுளை அது அரித்துவிடும்.

குளத்திலும் மீன் இருக்கிறதே, அங்கே ஏன் சாகவில்லை? குளத்துச் சேற்றிலும் கல்லிலும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இருக்கின்றன. ஒரு வகைக் கிருமி அமோனியாவைத் தின்று நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைக் கிருமி அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு கொடியது அல்ல. செடிகளுக்கு உரம்கூட ஆகும். 1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதற்குள் பத்து மீனை விட்டால் என்ன ஆகும்? அந்த வீட்டில் ஆனதுதான் ஆகும்!

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருவில் பாவு நீட்டி, சிக்கெடுத்து, தறியில் பிணைத்து முடிக்கிற வரை ஒரு ஊடைகூட ஓட்ட முடியாது. மீன் தொட்டிக்கும் பாவு வேலை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அவ்வளவுதான்.

எந்தத் தொட்டி?

சின்ன ஜாடி வேண்டாம். தண்ணீர் குறைந்தால் நஞ்சு சீக்கிரம் ஏறும். வாய் குறுகினால் காற்றுப் படாது. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டிதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

55 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 55 கிலோ! மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 70 கிலோவைத் தொடும். ஆகையால் ஆடாத, மட்டமான மேஜை வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை போடுங்கள். முதலில் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டு, ஒழுகுகிறதா என்று பாருங்கள். தறி அதிரும் இடத்துக்கு அருகே வைக்கவேண்டாம். ஜன்னல் வெயிலும் கூடாது. வெயில் பட்டால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும்.

ஆற்று மணலைப் பலமுறை அலசி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். கல் வைக்க ஆசை என்றால் அதன்மேல் எலுமிச்சம் சாறு விட்டுப் பாருங்கள். நுரை வந்தால் அது சுண்ணாம்புக் கல். ஒதுக்கிவிடுங்கள்.

வாளி மிக முக்கியம்! பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுக்கும் ஊர்ப்பக்கம் இது. சாயம் கண்ட வாளி, சோப்பு கண்ட அண்டா எதுவும் மீன் வேலைக்கு ஆகாது. மீனுக்கு என்று ஒரு புது வாளி வாங்கித் தனியாக வையுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். குளோரின் போய்விடும்.

காற்று ஊதும் சின்ன மோட்டாரும், ஸ்பாஞ்சு பில்டரும் வாங்குங்கள். இதற்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. அந்தப் பஞ்சுதான் நல்ல கிருமிகளின் வீடு. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்கவேண்டும். கீழே வைத்தால், கரண்டு போகும்போது தண்ணீர் குழாய் வழியே இறங்கி மோட்டார் கெட்டுவிடும்.

நத்தை செய்த வேலை

இந்த வித்தையை முதலில் பரீட்சை செய்து பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் வாழ்ந்த ரசாயன அறிஞர்.

1849-ஆம் ஆண்டு அவர் 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களை விட்டார். நாடா போன்ற இலையுள்ள ஒரு நீர்ச்செடியையும் நட்டார். செடி பிராணவாயு தரும், மீன் பிழைக்கும் என்பது அவர் கணக்கு.

கணக்குத் தவறியது! செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் வழவழப்பு ஏறியது.

வாரிங்டன் விடவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்குத் தீனியும் ஆயின! 1850-இல் இந்தச் செய்தியை அவர் லண்டன் ரசாயனச் சங்கத்துக்குத் தெரிவித்தார்.

அவர் பாத்திரத்தின் அளவைக் கவனித்தீர்களா? 12 காலன் என்றால் 55 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நமது இரண்டு அடித் தொட்டி!

நமக்கும் செடி வேண்டும். வேலம்பாசி போதும். நன்றாக அலசிவிட்டு நடுங்கள்.

பிறகு மீன் இல்லாத அந்தத் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி, கிருமிகளுக்கு உணவாகும். பிள்ளைகள் "மீன் எங்கே, மீன் எங்கே?" என்று நச்சரிப்பார்கள். பொறுக்கத்தான் வேண்டும். அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும் மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் ஏறி, பிறகு இரண்டும் அற்றுப்போனால் தொட்டி தயார்.

கொளத்தூர் மீன்கள்

ஒரு காலத்தில் சென்னையில் வண்ண மீன் வேண்டும் என்றால் சென்டிரல் நிலையம் அருகே இருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-இல் அந்தக் கட்டிடம் தீயில் எரிந்தது. இன்று சென்னையில் வண்ண மீன் என்றதும் நினைவுக்கு வருவது கொளத்தூர். அங்கேயும் சுற்றுப்புறத்திலும் பல குடும்பங்களுக்கு மீன் வளர்ப்பதே பிழைப்பு. இங்கிருந்து வெளி மாநிலங்களுக்கும் மீன்கள் போகின்றன.

கடைக்குள் நுழைந்தால் எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். ஆசைப்பட்டுவிடாதீர்கள்!

தங்க மீன் பார்க்க அழகு. ஆனால் அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம். ஆண் சண்டை மீன்கள் இரண்டைச் சேர்த்துவிட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் கிழித்துவிடும். ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் சின்ன மீன்களை விழுங்கும்.

முதல் தொட்டிக்குக் கப்பி மீனைப்போல வேறு இல்லை. டிரினிடாட் தீவில் இருந்து இதை 1866-இல் லண்டன் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பியவர் பெயர் கப்பி. அவர் பெயரே மீனுக்கு ஆகிவிட்டது. கொசுப் புழுவைத் தின்னும் என்பதால், நம் நாட்டில் சுகாதாரத் துறையினர் கிணறுகளில் விடுவதும் இந்த மீனைத்தான். கிணற்றின் கடினத் தண்ணீர் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

ஒரு ஆண், இரண்டு பெண். முதலில் மூன்றே மீன்!

பையில் பிராணவாயு அடைத்துக் கட்டித் தருவார்கள். துணியால் மூடி, வெயில் படாமல் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். கட்டியபடியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

தீனியும் வெயிலும்

பட்டினியால் சாகும் மீனைவிடத் தின்னாத தீனியால் சாகும் மீன்தான் அதிகம் என்பார்கள் அனுபவசாலிகள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போட்டால் போதும். வீட்டில் ஒருவர் மட்டும் போடவேண்டும். தாத்தா ஒரு முறை, பேத்தி ஒரு முறை என்று ஆளாளுக்குப் போட்டால் ஆபத்து! சோறு, பொரி கூடவே கூடாது.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியைக் கவிழ்த்து, பஞ்சைச் சோப்புப் போட்டு வெளுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு வாரம் வளர்த்த கிருமிகள் ஒரே நாளில் போச்சு! தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழிந்தால் போதும்.

வேலூர், ஆரணிப் பக்கத்துக் கத்திரி வெயிலைச் சொல்லவேண்டியது இல்லை. 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அந்த நேரத்தில் கரண்டும் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு, உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்றுக் கலக்கும்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேலம்பாசிக்குள் கண்ணும் வாலும் மட்டும் தெரிய, கொசு அளவில் சில உருவங்கள் ஓடும். கப்பி முட்டை இடாது, குட்டி போடும்! தாயே குட்டியைத் தின்னும் என்பதால் செடி அடர்த்தியாக இருக்கட்டும்.

மாதா மாதம் குட்டி போட்டால் தொட்டி தாங்குமா? தாங்காது. அதற்காக மிஞ்சிய மீனை நாகநதியிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் மீன் தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. வளர்ந்துவிட்டதே என்று யாரோ வெளியே கொண்டுபோய் விட்டதன் பலன், இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் அது பெருகியிருக்கிறது. செதில் முள்ளாய்க் குத்தி வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் திட்டுகிறார்கள்.

மிஞ்சிய கப்பியை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூடவே உங்கள் தொட்டியில் ஊறிய பஞ்சில் ஒரு துண்டும் வெட்டிக் கொடுங்கள். அதில் கிருமிகள் இருப்பதால், அவர்கள் உங்களைப்போல ஆறு வாரம் காத்திருக்க வேண்டியது இல்லை.