நடக்காமலே வேலை செய்யும் வேலைநிறுத்தம்
ஜார்ஜ் சொரேல், ‘வன்முறை குறித்த சிந்தனைகள்’, பாரிஸ், 1908

இந்நூலை எழுதியவர் ஆலைத் தொழிலாளி அல்ல. பாலம், சாலை போடும் அரசுத் துறையில் பொறியாளராக இருந்து, 1892இல் வேலையை விட்டவர்.

1906 மார்ச் 10 அன்று வட பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசு வெடித்து 1,099 பேர் மாண்டார்கள். தேடும் பணியை நிறுவனம் சீக்கிரமே கைவிட்டது; இருபது நாள் கழித்து 13 பேர் உயிரோடு மேலே வந்தார்கள். வேலைநிறுத்தம் பரவ, உள்துறை அமைச்சர் கிளமான்சோ படைகளை அனுப்பினார். பின்னர் இந்நூலான சொரேலின் கட்டுரைகள் இதழில் வெளியானதும் அதே ஆண்டுதான்.

நாடு முழுவதும் ஒரே நாளில் வேலை நின்றுபோகும் என்ற காட்சியை அவர் ‘தொன்மம்’ என்றார். அது நடந்தே தீர வேண்டியதில்லை. தொழிலாளி நெஞ்சில் அது இருக்கும்வரை முதலாளியோடு சமரசம் ஒட்டாது. தலைப்பு மிரட்டும் அளவுக்கு உள்ளே அடிதடி இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினை அவர் வெறுத்தார். அது அரசின் கை என்பதால். ஆனால் வன்முறை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவரிடம் தெளிவான கோடு கிடையாது.

மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் வேலைநிறுத்தம் பற்றி 1906இல் எழுதிய சிறுநூலில் தொன்மம் இல்லை. கூலியும் வேலை நேரமும் உண்டு. 1905 ரஷ்யப் புரட்சியைப் பார்த்தவர் அவர்: வேலைநிறுத்தம் கட்சி நாள் குறித்து நடத்துவதல்ல என்றார்.

சொரேலைக் குழப்பவாதி என்று லெனின் 1909இல் ஏளனம் செய்தார். பத்தாண்டு கழித்து, இந்நூலின் புதிய பதிப்பில் லெனினை ஆதரித்து ஒரு பின்னிணைப்பையே சேர்த்தார் சொரேல். சொரேலுக்குத் தான் கடன்பட்டதாகச் சொன்னவரோ முசோலினி.