பழுப்பு நிறம் சொல்லும் ஜோசியம்

அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாமாவுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. எடுத்தாச்சு. பி53 என்று ஒரு டெஸ்ட் செய்தால் திரும்ப வருமா வராதா என்று தெரிந்துவிடுமாமே? சாயத்தோடு புழங்குவதால்தான் வந்ததா?"

தறிச்சத்தம் ஓயாத ஊர். இரண்டாவது கேள்வி நியாயமானது. 1895இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு எச்சரித்தார். பின்னாளில் பென்சிடின் முதலான சேர்மங்கள் பிடிபட்டன. இந்தியா 1990களில்தான் 112 சாயங்களைத் தடை செய்தது. பெரிய ஆபத்து சாயம் தயாரித்தவர்களுக்கு. மாமாவிடம் முதலில் கேட்க வேண்டியது பீடி, சிகரெட் பற்றி.

பி53க்கு வருவோம். சுரண்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். பி53 புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, அதோடு ஒரு நொதியைக் கோத்து, கடைசியில் டயமினோபென்சிடின் கரைசலை விடுகிறார்கள். நொதி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படிகிறது, கழுவினாலும் போகாது. இந்தக் கரைசல் ரேன் காலத்துக்குப் பின் மாட்டிய பென்சிடினின் நெருங்கிய உறவு. கையுறை இல்லாமல் தொடமாட்டார்கள். பிறகு படிகாரம் சேர்த்த ஹீமடாக்சிலின், அதாவது மரத்திலிருந்து எடுக்கும் சாயம், மற்ற செல்களின் கருக்களை நீலமாக்கும். படிகாரம் போட்டால் சாயம் பிடிக்கும் என்பதை அம்மையார்குப்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பி53 நல்ல புரதம். பின் ஏன் அது நிறைய இருந்தால் கெட்ட சகுனம்? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி. பி53ஐ இழை அறுந்தால் தறியை நிறுத்தும் மேஸ்திரி என்று வையுங்கள். தன்னையே வெளியே அனுப்பும் வாட்ச்மேனுக்கும் அவர்தான் ஃபோன் போடுவார். அந்த வாட்ச்மேன் எம்டிஎம்2 என்ற புரதம். அதனால் நல்ல மேஸ்திரி சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. தகட்டில் நிறம் அவ்வளவாகத் தெரியாது. மரபணு பழுதான மேஸ்திரிக்கோ தறியை நிறுத்தவும் தெரியாது, ஃபோன் போடவும் தெரியாது. வெளியே அனுப்ப ஆளில்லை. புதிது புதிதாக வந்து கூடம் நிறைய உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தக் கூட்டம்தான் பழுப்பு. மரபணு அடியோடு உடைந்த கட்டியில் மேஸ்திரியே பிறப்பதில்லை. தகடு சுத்தமாக இருக்கும், ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும், கட்டியோ பொல்லாதது.

1994இல் ஓர் அமெரிக்கக் குழு, கருக்களில் பழுப்பு கூடினால் நோய் திரும்புவதும் கூடுகிறது என்று எழுதியதும் ஆரவாரம் தொடங்கியது. நூறு கருக்களில் பத்து பழுத்தாலே 'பாசிட்டிவ்' என்று ஓர் ஆய்வுக்கூடம், இருபது வேண்டும் என்று இன்னோர் ஆய்வுக்கூடம். கடைசியில் ஒழுங்காகச் சோதித்தார்கள்: சிறுநீர்ப்பையை எடுத்துவிட்ட 499 பேரில் 272 பேர் 'பாசிட்டிவ்'. அவர்களில் 114 பேரைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குக் கீமோ கொடுத்தார்கள், மீதிப் பேரைக் கண்காணித்தார்கள். பலன் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2011இல் முடிவு வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' இரு தரப்புக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை.

எல்லாக் குறியீடுகளும் வீண் என்று சொல்லவில்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாறியிருந்தால், முற்றிய நோய்க்கு எர்டாஃபிடினிப் என்ற மருந்து உண்டு. அமெரிக்கா 2019இல் அனுமதித்தது. அது மருந்தைத் தேர்ந்தெடுக்கிற சோதனை, ஆரூடம் இல்லை.

ஆகவே மாமாவுக்கு: பி53க்குப் பணம் கட்டுமுன் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, எந்த கிரேடு, எவ்வளவு ஆழம், முன்பே வந்ததா என்ற விவரங்கள்தாம் இன்றும் மருத்துவர்களின் கணக்கு. அதில் 'தசை' என்ற வரியைத் தேடுங்கள். எடுத்த துண்டில் சிறுநீர்ப்பைத் தசையே இல்லையென்றால், கட்டி அதற்குள் இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கிரேடு அதிகமென்றால் சில வாரங்களில் மறுபடி சுரண்டச் சொல்வார்கள். மூன்றாம் மாதம் கேமரா விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.