அயலார் கையில் மருந்து

1994-ஆம் ஆண்டு ருவாண்டாவில் ஏறக்குறைய 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அயலானே அயலானை வெட்டினான். மருத்துவர், செவிலியர் பலர் மாண்டனர். பலர் நாட்டைவிட்டு ஓடிப்போயினர்.

அந்நாட்டின் சுகாதாரத்துறை மீண்டும் எழுந்தது எப்படித் தெரியுமா? கிராமந்தோறும் ஊராரே தங்களுக்குள் சிலரைச் சுகாதாரப் பணியாளர்களாகத் தெரிந்தெடுத்தனர். மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு அவர்கள் ஊரிலேயே மருந்தளித்தனர். கர்ப்பிணிகளைப் பிரசவத்திற்கு மருத்துவ நிலையம் அனுப்பினர். குடும்பங்கள் சிறுதொகை செலுத்தும் காப்பீடும் நாடெங்கும் பரவிற்று. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 196 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் மரித்தனர். 2014-15 கணக்கெடுப்பில் அது 50 ஆகக் குறைந்தது.

அயலார்மேல் அற்றுப்போன நம்பிக்கை, மருந்துப் பெட்டியோடு வாசலுக்குத் திரும்பிற்று. நகரத்தில் குடியேறியிருக்கும் உங்களுக்கு, நோயுற்ற இரவில் தட்டுவதற்கு ஓர் அயலார் கதவு உண்டா?