எண்டாவ் கடலில் மூழ்கிய நாசகாரி

மலாயாப் போரைக் கற்பிக்கும்போது, 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெருங்கப்பல்களைத் தவறாமல் கூறுகிறோம். ஏழு வாரங்களுக்குப் பின் எண்டாவ் கரைக்கப்பால் மூழ்கிய ‘தானெட்’ என்னும் சிறு கப்பலைக் கூறுவதில்லை. அதன் வரலாறு முதல் உலகப் போரில் தொடங்குகிறது.

எதிரியின் டார்ப்பிடோப் படகுகளை விரட்டி அழிக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியவை நாசகாரிக் கப்பல்கள். விரைவே அவற்றின் வலிமை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை ‘வி’, ‘டபிள்யூ’ வகுப்புகளில் பெரிய நாசகாரிகளைக் கட்டியது. அவற்றுக்குச் செலவும் காலமும் மிகுதியாயின. எனவே, வடகடலின் குறுகிய பரப்புக்குப் போதுமான சிறிய கப்பல்களை 1917இல் கட்டப் பணித்தது. இவையே ‘எஸ்’ வகுப்புக் கப்பல்கள். இவற்றின் பெயர்கள் எஸ் அல்லது டி என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கின.

எடை ஏறத்தாழ 900 டன். நீளம் 276 அடி. 27,000 குதிரைத் திறன். வேகம் மணிக்கு 36 கடல் மைல். 4 அங்குலப் பீரங்கிகள் மூன்று இருந்தன. எண்ணெய்க் கொள்ளளவோ ஏறத்தாழ 300 டன்னே. வடகடலுக்கு அது போதும். கீழைக் கடல்களின் நெடுந்தொலைவுக்கு அது போதாது.

1924க்குள் 67 கப்பல்கள் முடிந்தன. அவற்றுட் பல, போர் ஓய்ந்த பின்னரே கடலுக்கு வந்தன. 1930களில் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பிரிட்டனிடம் எஞ்சியவை 11. அவற்றுள் ஐந்து கீழைக் கடல்களில் போரிட்டன.

குறையின் விளைவு உடனே வெளிப்பட்டது. பெருங்கப்பல்களுக்குத் துணையாகச் சென்ற நான்கு நாசகாரிகளுள் ‘டெனெடாஸ்’ ஒன்று. எண்ணெய் குறைந்தமையால், டிசம்பர் 9 மாலையிலேயே அது சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

‘தானெட்’ ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. 1942 ஜனவரி 26இல் ஜப்பானியர் எண்டாவில் இறங்கினர். அன்றிரவு அவர்களின் போக்குவரத்துக் கப்பல்களைத் தாக்க, ஆஸ்திரேலிய ‘வேம்பயர்’ நாசகாரியுடன் ‘தானெட்’ ஏவப்பட்டது. அங்கே ‘செண்டாய்’ என்னும் குரூசர் கப்பலும் பல நாசகாரிகளும் காவல் நின்றன. ஏவிய டார்ப்பிடோக்கள் இலக்கைத் தவறின. விடியுமுன் ‘தானெட்’டின் இயந்திர அறையில் குண்டு பாய்ந்தது, கப்பல் மூழ்கியது. ‘வேம்பயர்’ தப்பியது. மாலுமிகளிற் சிலர் கரையேறிச் சிங்கப்பூரை அடைந்தனர். ஜப்பானியக் கப்பல் கடலிலிருந்து எடுத்துச் சென்றவர்கள் திரும்பவேயில்லை.

‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ 1942 மார்ச்சில் ஜாவாவுக்குத் தெற்கேயும், ‘டெனெடாஸ்’ ஏப்ரல் 5இல் கொழும்புத் துறைமுகத்திலும் மூழ்கின. ஹாங்காங்கில் கரைதட்டிய ‘திரேசியன்’ ஜப்பானியர் கையிற் சிக்கி, அவர்களுக்கே காவற்கப்பலாயிற்று. ‘ஸ்கவுட்’ மட்டும் போரைக் கடந்து நின்றது.

ஒரு கடலுக்கென அளந்து செய்த கருவியை, கால் நூற்றாண்டுக்குப் பின் வேறொரு கடலில், தன்னினும் வலிய பகைவர்முன் நிறுத்தினர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாலுமிகள். பெருங்கப்பல்களின் வீழ்ச்சியைக் கூறும் பாடத்தில் எண்டாவுக்கும் ஒரு வரி சேர்ப்போமாக.